பனிமலையில் பத்து விரல்கள்

கோலாலம்பூரில் கையுறை அணிபவர்கள் பலர் உண்டு. மோட்டார் சைக்கிளோட்டி வெயிலுக்கும் தூசுக்கும் அஞ்சி அணிகிறார். தாதியர் நோய்க்கிருமிக்கு அஞ்சி அணிகிறார். செம்பனைத் தோட்டத் தொழிலாளி முள்ளுக்கு அஞ்சி அணிகிறார். ஆனால், குளிருக்கு அஞ்சிக் கையுறை அணிபவரை பிரிக்பீல்ட்ஸ் சாலைகளில் எங்குத் தேடினாலும் காண முடியாது. பகலில் 33 டிகிரி செல்சியஸ் வரை ஏறி, இரவில் 24 டிகிரியோடு நின்றுவிடும் வெப்பநிலையில் விரல்கள் விறைக்க வாய்ப்பே இல்லை. ஆகவேதான், இந்நாட்டிலிருந்து பனி சூழ்ந்த நாடுகளுக்குச் செல்பவர்கள் தடித்த சட்டை, காலணி, தொப்பி ஆகியவற்றைப் பற்றி நிறைய யோசிக்கிறார்கள். கையுறையைக் கடைசியில், போகிற போக்கில் வாங்குகிறார்கள்.

கையில் படக்கருவியும் இருந்தால் இந்தக் கவனக்குறைவு பெரிய சிக்கலாகிவிடும். நடப்பவர் கைகளைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொள்ளலாம். படம் எடுப்பவருக்கு அந்த வசதி இல்லை. அவர் கையை வெளியே நீட்ட வேண்டும். குளிர்ந்த கருவியைப் பிடிக்க வேண்டும். நல்ல காட்சிக்காக அசையாமல் காத்திருக்க வேண்டும். சிறிய பொத்தான்களை அழுத்த வேண்டும். தடித்த கையுறை அணிந்தால் பொத்தான் அகப்படாது. மெல்லிய கையுறை அணிந்தால் விரல் தாங்காது. இந்த இரண்டுக்கும் நடுவே வழி காண்பதுதான் குளிர்நாட்டில் படம் எடுப்பவரின் முதல் பாடம்.

வெப்பமண்டலத்தில் பிறந்த கைகளால் பனியை வெல்ல முடியாது என்று எண்ணிவிடக் கூடாது. 1997ஆம் ஆண்டு மே மாதம் 23ஆம் நாள், எம். மகேந்திரன், என். மோகனதாஸ் எனும் இரு மலேசியத் தமிழர்கள் எவரெஸ்ட் சிகரத்தின் உச்சியில் நின்றார்கள். அந்தச் சிகரத்தைத் தொட்ட முதல் மலேசியர்கள் அவர்களே. நம் நாட்டுக் கொடிக்கு ‘ஜாலூர் கெமிலாங்’ எனும் பெயர் அதே ஆண்டு ஆகஸ்டு 31ஆம் நாள்தான் சூட்டப்பட்டது. கொடிக்குப் பெயர் கிடைப்பதற்கு மூன்று மாதங்களுக்கு முன்பே, கொடி உலகின் உச்சிக்குச் சென்றுவிட்டது.

இத்தகைய வெற்றியை நாட்டு மக்கள் அறிவது படங்களின் வழியாகத்தான். மலையேறியவர் உச்சியில் எவ்வளவு நேரம் நின்றாலும், ஊரில் இருப்பவர் கண்ணுக்கு எட்டுவது ஒரு சில படங்களே. கடல் மட்டத்தில் இருக்கும் காற்றழுத்தத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு மட்டுமே உள்ள இடத்தில், எலும்பைத் துளைக்கும் காற்றில், கொடியைப் பிடிக்கவும் கருவியை இயக்கவும் விரல்கள் வேண்டும். எவரெஸ்ட் உச்சியில் எடுக்கப்பட்ட ஒவ்வொரு படத்துக்குப் பின்னும் குளிரில் கடமையாற்றிய ஒரு கை இருக்கிறது.

அந்தக் கையைக் காப்பது எப்படி என்பதை மலையேறிகள் படிப்படியாகக் கற்றுக்கொண்டனர். 1953ஆம் ஆண்டு மே 29ஆம் நாள் எட்மண்ட் ஹிலாரியும் டென்சிங் நோர்கேயும் எவரெஸ்டின் உச்சியை முதன்முதலாக அடைந்தார்கள். அன்று புறப்படும்போது அவர்கள் ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று கையுறைகளை அணிந்திருந்தனர். உள்ளே பட்டு, நடுவே கம்பளி, வெளியே காற்றைத் தடுக்கும் துணி. ஹிலாரி தமது படக்கருவியைக் குளிரிலிருந்து காக்கச் சட்டைக்குள் வைத்துக் கொண்டுபோனார். உச்சியில் டென்சிங் பனிக்கோடரியை உயர்த்தி நிற்கும் புகழ்பெற்ற படம் அந்தக் கருவியால் எடுக்கப்பட்டதே. ஹிலாரி உச்சியில் நிற்கும் படம் அன்று எடுக்கப்படவில்லை. படம் எடுத்தவர் படத்தில் இல்லை. ஆனால், அவர் கை பத்திரமாகத் திரும்பி வந்தது.

எல்லாருக்கும் அந்தப் பேறு கிட்டவில்லை. அதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன், 1950ஆம் ஆண்டு ஜூன் 3ஆம் நாள், பிரான்ஸ் நாட்டைச் சேர்ந்த மொரிஸ் எர்ஸோக், லூயி லாஷனால் ஆகிய இருவரும் 8,091 மீட்டர் உயரமுள்ள அன்னபூர்ணா சிகரத்தை அடைந்தார்கள். எட்டாயிரம் மீட்டருக்கு மேற்பட்ட சிகரம் ஒன்றில் மனிதர் ஏறியது அதுவே முதன்முறை. உச்சியில் கொடியோடு படம் எடுத்துக்கொண்டார்கள். இறங்கும் வழியில், முதுகுப்பையைத் திறப்பதற்காக எர்ஸோக் கையுறைகளைக் கழற்றிப் பனியில் வைத்தார். கண்ணிமைக்கும் நேரத்தில் அவை சரிவில் உருண்டு மறைந்தன. பையில் மாற்றுக் காலுறைகள் இருந்தன. அவற்றைக் கையில் மாட்டிக்கொண்டிருக்கலாம். உயரத்தில் மந்தமாகிப் போன மூளைக்கு அந்த எண்ணம் தோன்றவே இல்லை. பனிக்கடியால் அவர் தம் கால்விரல்கள் அனைத்தையும் கைவிரல்களில் பெரும்பாலானவற்றையும் இழந்தார். சில நொடிக் கவனக்குறைவு வாழ்நாள் முழுவதும் தொடர்ந்தது.

இத்தகைய இழப்பைத் தவிர்க்கும் வழக்கம் ஒன்றை இன்று மலையேறிகள் பலரும் பின்பற்றுகிறார்கள். கையுறையின் விளிம்பில் ஒரு கயிற்றுவளையம் இருக்கும். அதை மணிக்கட்டில் மாட்டிக்கொண்டால், கையுறையைக் கழற்றினாலும் அது கையிலேயே தொங்கும். காற்று அடித்துச் செல்லாது. சிறு பிள்ளைகளின் கையுறைகளைக் கயிற்றால் இணைத்துச் சட்டைக்குள் விடுவதும் இதே நோக்கத்திற்காகத்தான். படம் எடுப்பவர் ஒரு நாளில் பலமுறை கையுறையைக் கழற்றி மாட்டுவார். ஆகையால், கையுறை வாங்கும்போது இந்த வளையம் இருக்கிறதா என்று முதலில் பார்ப்பது நல்லது. இல்லையென்றால், ஒரு முழம் நாடா வாங்கித் தைத்துக்கொள்ளலாம்.

விரல்கள் மட்டும் ஏன் இவ்வளவு விரைவாகக் குளிர்கின்றன? உடலுக்குக் குளிர் உறைக்கும்போது அது இதயம், மூளை போன்ற உள்ளுறுப்புகளைக் காக்க முனைகிறது. கைகால்களுக்குச் செல்லும் சிறு இரத்தக் குழாய்கள் சுருங்குகின்றன. விரல்களுக்கு வரும் சூடான இரத்தம் குறைகிறது. விரல்களை அசைக்கும் பெரிய தசைகளோ விரல்களில் இல்லை, முன்னங்கையில் இருக்கின்றன. எனவே, விரல் தானாக உண்டாக்கும் வெப்பம் மிகக் குறைவு. மேலும், விரல் மெலிந்து நீண்டிருப்பதால், அதன் பருமனோடு ஒப்பிடும்போது வெளியே தெரியும் பரப்பு அதிகம். வெப்பம் எல்லாப் பக்கமும் கசிந்துவிடுகிறது.

இதை அறிந்தவர்களுக்குக் கையுறை வகைகளின் வேறுபாடு எளிதில் விளங்கும். ஐந்து விரலுக்கும் தனித்தனி உறை உள்ள கையுறையில் ஒவ்வொரு விரலும் தன் வெப்பத்தைத் தானே காத்துக்கொள்ள வேண்டும். ‘மிட்டன்’ எனப்படும் விரல் பிரியாத கையுறையில் கட்டைவிரல் மட்டும் தனித்திருக்கும். மற்ற நான்கும் ஒரே அறையில் சேர்ந்திருக்கும். அவை ஒன்றுக்கொன்று வெப்பத்தைக் கொடுத்துக்கொள்ளும். வெளிப்பரப்பும் குறையும். ‘ஒன்றுபட்டால் உண்டு வாழ்வு’ என்பது விரல்களுக்கும் பொருந்துகிறது. ஒரே துணியில் ஒரே தடிப்பில் தைத்தாலும் கையுறையைவிட மிட்டனே அதிகக் கதகதப்பைத் தரும்.

ஆனால், மிட்டன் அணிந்த கையால் படக்கருவியின் பொத்தானை அழுத்துவது, போர்வைக்குள்ளிருந்து ஊசியில் நூல் கோப்பதைப் போன்றது. அதனால், இரண்டையும் சேர்த்து அணிவதே சிறந்த வழி. உள்ளே மெல்லிய, விரல் பிரிந்த கையுறை. அதன்மேல் தடித்த மிட்டன். காத்திருக்கும் நேரமெல்லாம் கை மிட்டனுக்குள் இருக்கும். காட்சி கிடைத்தவுடன் மிட்டனைக் கழற்றி, மெல்லிய கையுறையோடு படம் எடுத்து, உடனே கையை மீண்டும் உள்ளே நுழைத்துவிடலாம். நுனியை மடித்துத் திறக்கும்படி தைக்கப்பட்ட மிட்டன்களும் கிடைக்கின்றன. இலேசான குளிருக்கு அவை போதும். கடுங்காற்றில் மடிப்பின் இடுக்கு வழியே குளிர் புகுந்துவிடும்.

மெல்லிய உள்ளுறையைச் சிறிய பொருள் என்று எண்ணித் தவிர்க்கக் கூடாது. உலோகம் வெப்பத்தை மிக வேகமாக ஈர்த்துக்கொள்ளும் பொருள். பனியில் நின்ற உலோகக் கருவியை வெறுங்கையால் பிடித்தால் தோலின் ஈரம் உறைந்து ஒட்டிக்கொள்ளலாம். 1910ஆம் ஆண்டு தொடங்கிய ஸ்காட்டின் அண்டார்டிகா பயணத்தில் படம் எடுக்கச் சென்றவர் ஹெர்பர்ட் பாண்டிங். ஒருமுறை கருவியைச் சரிசெய்யும்போது அவருடைய நாக்கின் நுனி அதன் உலோகப் பகுதியில் பட்டு ஒட்டிக்கொண்டது. இழுத்து விடுவித்தபோது தோல் பிய்ந்தது. பட்டோ கம்பளியோ செயற்கை இழையோ, தோலுக்கும் உலோகத்துக்கும் இடையில் ஒரு மெல்லிய திரை இருந்தாலே இந்த இடர் பெரிதும் நீங்கும். முக்காலியின் கால்களில் நுரைப்பஞ்சைச் சுற்றி வைப்பதும் இதற்காகவே.

எந்தத் துணியைத் தேர்ந்தெடுப்பது என்பது அடுத்த கேள்வி. மலேசியர்களுக்குப் பழக்கமானது பருத்தி. நமது வெப்பத்துக்கு அதுவே ஏற்றது. வியர்வையை உறிஞ்சி உடலைக் குளிர்விக்கும். ஆனால், அந்த நற்குணமே பனியில் தீங்காகிறது. நனைந்த பருத்தி எளிதில் காயாது. நீர் காற்றைவிட ஏறத்தாழ 25 மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்தும். ஆகவே, ஈரமான கையுறை, கையுறை இல்லாததற்கு ஒப்பாகிவிடும். கம்பளி ஓரளவு நனைந்தாலும் சூட்டைத் தக்கவைக்கும். பறவையின் மெல்லிறகு நிரப்பிய மிட்டன் எடை குறைந்தது. மிகுந்த கதகதப்புத் தருவது. நனைந்தால் மட்டும் இறகுகள் ஒட்டிக்கொண்டு பயனற்றுப் போகும். ஈரப்பனி பெய்யும் இடங்களுக்குச் செயற்கை இழை நிரப்பியதே பாதுகாப்பு.

எந்த இழையாக இருந்தாலும், உண்மையில் குளிரைத் தடுப்பது அதற்குள் சிறைப்பட்டிருக்கும் காற்றுதான். இதை மறந்துவிட்டுப் பலர் கைக்கு இறுக்கமான கையுறையை வாங்குகிறார்கள். இறுக்கம் அந்தக் காற்றைப் பிழிந்து வெளியேற்றிவிடும். இரத்த ஓட்டத்தையும் தடுக்கும். உள்ளுறையை அணிந்த பிறகும் மிட்டனுக்குள் விரல்களை மடக்கி முட்டி பிடிக்க இடம் இருக்க வேண்டும். அதுவே சரியான அளவு. விளிம்பு சட்டையின் கையைத் தாண்டி நீண்டிருப்பதும் இன்றியமையாதது. மணிக்கட்டில் இரத்தக் குழாய்கள் தோலுக்கு அருகே ஓடுகின்றன. அங்கே இடைவெளி விட்டால், விரல்களுக்குச் செல்லும் இரத்தம் வழியிலேயே குளிர்ந்துவிடும்.

மேலுறையின் வேலை காற்றைத் தடுப்பது. வெப்பமானியில் உறைநிலைக்குக் கீழே 10 டிகிரி என்று காட்டும் நாளில், மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் காற்று வீசினால், திறந்த தோலுக்கு அது உறைநிலைக்குக் கீழே 20 டிகிரி போல உறைக்கும். எனவே, செல்லும் ஊரின் வெப்பநிலையை மட்டும் பார்த்துக் கையுறை வாங்குவது போதாது. காற்றின் வேகத்தையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

இவற்றையெல்லாம் வாங்கப் பெரும் பணம் வேண்டுமே என்று மாணவர்கள் கலங்க வேண்டியதில்லை. கிள்ளான் பள்ளத்தாக்கில் பயன்படுத்திய துணிகளை விற்கும் ‘பண்டல்’ கடைகள் பல உள்ளன. குளிர்நாடுகளிலிருந்து வந்த கம்பளிக் கையுறைகளும் மிட்டன்களும் அங்கே மலிவாகக் கிடைப்பதுண்டு. தையல் பிரிந்திருக்கிறதா, உள்ளே நிரப்பிய பஞ்சு ஓரிடத்தில் கட்டியாகியிருக்கிறதா என்று தடவிப் பார்த்து வாங்கினால் போதும். புதிய கடையோ பழைய கடையோ, படக்கருவியையும் உடன் கொண்டுசெல்வது அறிவுடைமை. கையுறையை அணிந்துகொண்டே கருவியை இயக்க வேண்டும். மின்கலத்தை மாற்ற வேண்டும். நினைவட்டையை எடுத்துப் போட வேண்டும். கைப்பேசியில் படம் எடுப்பவர் தொடுதிரை வேலை செய்கிறதா என்று பார்க்க வேண்டும். பெரும்பாலும் நுனியில் மின்கடத்தும் நூல் சேர்த்த கையுறைக்கே திரை இசைந்து கொடுக்கும். பெரும்பாலான கைப்பேசிகளில் ஒலியளவுப் பொத்தானை அழுத்தியும் படம் எடுக்கலாம் என்பது பலருக்குத் தெரியாத எளிய வழி.

வாங்கியதைச் சோதித்துப் பார்க்க வெளிநாடு செல்ல வேண்டியதில்லை. செயற்கைப் பனிக்கூடம் ஒன்றில் உறைநிலைக்குக் கீழான குளிரை உணரலாம். அதுவும் இயலாதவர், வீட்டுக் குளிர்பதனப் பெட்டியிலிருந்து உறைந்த பொட்டலம் ஒன்றை எடுத்து, கையுறை அணிந்த கையில் பத்து நிமிடம் பிடித்துப் பார்க்கலாம். கிள்ளான் துறைமுக வட்டாரத்தின் குளிர்பதனக் கிடங்குகளில் வேலை செய்பவர்களுக்கு இது அன்றாட அனுபவம். உறைந்த இறைச்சியும் மீனும் உறைநிலைக்குக் கீழே 18 டிகிரியில் பாதுகாக்கப்படுகின்றன. வெளியே வியர்வை வழியும் வெயில். கதவுக்கு உள்ளே துருவக் குளிர். தடித்த கையுறையும் இடையிடையே வெளியே வந்து உடலைச் சூடேற்றிக்கொள்ளும் ஓய்வும் இல்லாமல் அந்த வேலையைச் செய்ய முடியாது. ‘கையுறை மட்டும் போதாது, ஓய்வும் வேண்டும்’ என்பதே அவர்களின் வேலை கற்பிக்கும் பாடம்.

மலேசிய மாணவர்கள் பலருக்கு முதல் கடுங்குளிர் சபா மாநிலத்தின் கினபாலு மலையில் கிடைக்கிறது. 4,095 மீட்டர் உயரமுள்ள அதன் உச்சியில் சூரிய உதயத்தைக் காண நள்ளிரவு கடந்து சில மணி நேரத்திலேயே நடக்கத் தொடங்குவார்கள். விடியும் முன் வெப்பநிலை உறைநிலையை நெருங்கிவிடும். பாறையில் பொருத்திய கயிற்றையும் பிடித்து ஏற வேண்டும். அப்போது பிடிமானமுள்ள கையுறை வேண்டும். மேலே சென்று விடியலுக்காகக் காத்திருக்கும்போது மிட்டன் வேண்டும். ஒரே ஒரு கையுறையை நம்பிச் செல்பவர், கயிற்றில் நனைந்த அதனோடு உச்சியில் நடுங்கி நிற்க நேரும். அழகான விடியல் எதிரே இருக்கும். விரல் மட்டும் அசையாது. பையில் ஒரு மாற்று இணை வைத்திருப்பதன் அருமை அப்போதுதான் புரியும்.

சூடு தரும் சிறு பொட்டலங்களைச் சிலர் மிட்டனுக்குள் வைத்துக்கொள்வர. அவற்றுள் இருக்கும் இரும்புத்தூள் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து துருப்பிடிக்கும்போது வெப்பம் வெளிப்படுகிறது. உயரமான மலைகளில் ஆக்சிஜன் குறைவாக இருப்பதால் அவற்றின் சூடும் குறையும். ஆகையால், அவற்றைத் துணையாகக் கொள்ளலாம். முழுமையாக நம்பிவிடக் கூடாது. குளிரில் மின்கலங்களும் விரைவில் சோர்ந்துவிடும். மாற்று மின்கலத்தைச் சட்டையின் உட்பையில், உடற்சூட்டில் வைத்திருந்தால் அது உயிரோடு இருக்கும். படம் எடுத்துத் திரும்பியதும் கருவியை நெகிழிப் பைக்குள் இறுகக் கட்டிய பின்னரே சூடான அறைக்குள் கொண்டுவர வேண்டும். இல்லாவிட்டால், அறைக்காற்றின் ஈரம் குளிர்ந்த கருவிமீது நீர்த்துளிகளாகப் படியும்.

எல்லா முன்னேற்பாடுகளும் செய்த பிறகும் விரல் பேசும் மொழியைக் கவனிக்க வேண்டும். முதலில் வலி வரும். அது எச்சரிக்கை மணி. பிறகு வலி நின்றுவிடும். பழகிவிட்டது என்று பலர் மகிழ்வது அப்போதுதான். ஆபத்து தொடங்குவதும் அப்போதுதான். உணர்ச்சியற்று, வெளிறி, மெழுகு போலத் தோன்றும் விரல் பனிக்கடிக்கு ஆளாகிக்கொண்டிருக்கிறது. உடனே படக்கருவியைக் கீழே வைத்துவிட்டுக் கைகளை அக்குளில் வைத்துச் சூடேற்ற வேண்டும். உறைந்த விரலைத் தேய்க்கக் கூடாது. பனியால் தேய்ப்பது அதனினும் கேடு. நெருப்பருகே காட்டவும் கூடாது. உணர்ச்சியற்ற தோல் வெந்தாலும் தெரியாது. மீண்டும் உறையாது என்று உறுதியான இடத்தை அடைந்த பிறகு, 37 முதல் 39 டிகிரி வரை சூடுள்ள நீரில் அமிழ்த்தி, மருத்துவரின் உதவியை நாட வேண்டும்.

நல்ல படம் எடுக்க வேண்டும் எனும் ஆவல் ஒருவரை இன்னும் ஒரு நிமிடம், இன்னும் ஒரே ஒரு படம் என்று இழுத்துக்கொண்டே போகும். அந்த ஆவல் தவறன்று; அதுவே கலைக்கு ஊற்று. ஆனால், கடையில் நின்று கையுறையைத் தேர்ந்தெடுக்கும் அமைதியான வேளையிலேயே, எந்த நிலையில் நிறுத்திக்கொள்வது என்பதையும் முடிவு செய்துவிட வேண்டும். பனியில் நிற்கும்போது மூளையும் விரலைப் போலவே மந்தமாகிவிடும். அப்போது புதிதாக முடிவெடுக்க முடியாது. முன்பே எடுத்த முடிவைப் பின்பற்றத்தான் முடியும். வெள்ளம் வருமுன் அணை போடுபவரே கரை சேர்வார்.

மகேந்திரனும் மோகனதாசும் உச்சியை அடைந்ததால் மட்டும் வென்றவர்கள் அல்லர். உயிரோடு இறங்கி வந்ததால் முழுமையாக வென்றவர்கள். தவறவிட்ட காட்சிக்காக மனம் சில நாள் வருந்தும். மறுநாளும் சூரியன் உதிக்கும். பனிமலையும் அங்கேயே இருக்கும். அதைப் படம் எடுக்கக் கையில் விரல்கள் இருக்க வேண்டும்.